சோக்கைத் தள்ளினால் திணறும் வண்டி: கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் வீண். 2013-இல் வாங்கிய, 62,000 கிலோமீட்டர் ஓடிய 125 சிசி கார்புரேட்டர் வண்டி. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் திக்கித் திணறுகிறது. 50-ஐத் தாண்டிவிட்டால் ஒரு குறையும் இல்லை. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஒழுங்காக ஓடுகிறது, தள்ளியதும் பழையபடி ஆகிவிடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகு இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் சற்று நின்று யோசித்து இறங்குகிறது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, கார்புரேட்டரை இரண்டு முறை கழுவி, 2,400 ரூபாய் செலவழித்தும் பயனில்லை. இப்போது கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: குறை கார்புரேட்டரில்தான் இருக்கிறது என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் அப்படி ஒரு சோதனை நடந்ததாகத் தெரியவில்லை. சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு இருபத்தாறு ஆண்டுகளாகச் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். உங்கள் வண்டியின் சத்தத்தைக் கேட்காமல், சைலன்சரில் கை வைத்துப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். வண்டி எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பது கார்புரேட்டருக்குத் தெரியாது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறீர்கள் என்பது மட்டுமே தெரியும். ஸ்லைடு (ஆக்சிலரேட்டரைத் திருகும்போது மேலேறி, கார்புரேட்டரின் காற்று வழியைத் திறக்கும் பாகம்) மூடிய நிலையிலிருந்து ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பெட்ரோலைக் கொடுப்பது பைலட் ஜெட்டும் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகு) அதற்குரிய நுண்துளைகளும்தான். கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஊசியும் ஊசி அமரும் குழலும். அதற்கு மேல் மெயின் ஜெட். இவை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படிந்துதான் வேலை செய்யும், கோடு கிழித்தாற்போல் பிரிவதில்லை. ஆகையால் 'குறைந்த வேகத்தில் திக்குகிறது' என்று சொல்வதைவிட 'இவ்வளவு திருகும்போது திக்குகிறது' என்று சொல்வதே பயன்படும். இதைக் கண்டுபிடிக்க, திருகும் கைப்பிடியின் ரப்பரில் ஒரு துண்டு வெள்ளை டேப்பையும், அதை ஒட்டி அசையாமல் இருக்கும் சுவிட்சுப் பெட்டியில் இன்னொரு துண்டையும் ஒட்டுங்கள். மூடியிருக்கும்போது ஒரு கோடு, முழுக்கத் திருகும்போது ஒரு கோடு, இடையில் நான்கு சம பங்கு. காலியான சாலையில் ஒரே கோட்டில் கையை நிறுத்தி, இரண்டாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறினாலும், வேகம் மாறினாலும், அதே கோட்டில் திக்கினால் கோளாறு எரிபொருள் பக்கம். கோடு மாறி, வேகம் மட்டும் மாறாமல் இருந்தால் நான் கீழே சொல்லப்போகும் செயினையும் கப்ளிங் ரப்பரையும் முதலில் பாருங்கள்.

அடுத்த உறுதியான சாட்சி சோக். சோக் இழுப்பது என்பது காற்றைக் குறைத்தோ பெட்ரோலைக் கூட்டியோ கலவையைக் கெட்டியாக்குவது. நன்றாகச் சூடான இன்ஜினிலும் சோக் இழுத்தால் குணமாகிறது என்றால், அந்த நேரத்தில் கலவை நீர்த்துப்போயிருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று அடித்துச் சொல்லலாம். இதை வைத்தே பலவற்றை ஒதுக்கிவிட முடியும். அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர் கலவையைக் கெட்டியாக்குமே தவிர நீர்க்கச் செய்யாது. ஆகவே நீங்கள் ஃபில்டர் மாற்றியது இந்த நோய்க்கு மருந்தே அல்ல. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலோ பெட்ரோல் குழாய் மடங்கினாலோ வண்டி நீண்ட தூரம் வேகமாக ஓடும்போதுதான் மூச்சு வாங்கும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. மெயின் ஜெட்டையும் அதே காரணத்தால் விட்டுவிடலாம். ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து 'லீன்', அதாவது கலவை நீர்த்திருக்கிறது என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முடிவு சரி, ஆனால் ஊருக்குள் நின்று நின்று ஓடிய வண்டியின் பிளக் நிறத்தை நான் பெரிதாக நம்புவதில்லை.

குறைந்த திறப்பில் மட்டும் கலவை நீர்க்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெட்ரோல் வரும் வழி சுருங்குவது, அதாவது பைலட் ஜெட் அடைப்பு. மற்றொன்று, கார்புரேட்டரைத் தாண்டி, அளவுக்குக் கட்டுப்படாத காற்று நுழைவது. இரண்டாவது ஏன் வேகத்தில் தெரிவதில்லை என்று பலர் கேட்பார்கள். ஒரு டம்ளர் மோரில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் நாக்கு கண்டுபிடித்துவிடும். அதே கரண்டியை ஒரு பானை மோரில் விட்டால் யாருக்கும் தெரியாது. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அது இழுக்கும் காற்று டம்ளர் அளவு, 60 கிலோமீட்டர் வேகத்தில் பானை அளவு, கசிவு மட்டும் அதே கரண்டிதான். போதாததற்கு, ஸ்லைடு மூடியிருக்கும்போதுதான் அதற்கும் வால்வுக்கும் இடையில் வெற்றிடம் அதிகம், ஆகவே கசிவு உறிஞ்சுவதும் அப்போதே மும்முரம். ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் வேகம் தயங்கி இறங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் இது சாய்வுதான், தீர்ப்பு அல்ல. பைலட் அடைப்பிலும் இதே தயக்கம் வரும், ஆக்சிலரேட்டர் கேபிள் வறண்டு சிக்கினாலும் வரும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பிவைத்து, ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் 'டப்' என்று தானாக மூடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். செலவில்லாத சோதனை.

இருந்தாலும் நான் பட்டறையில் இவ்விரண்டையும் தொடுவதற்கு முன் டேப்பட் இடைவெளியைத்தான் அளப்பேன். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் இடையிலான இந்தச் சந்து பெரும்பாலான சிறு வண்டிகளில் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டில் அச்சாகியிருக்கும், அதையே பின்பற்றுங்கள். டேப்பட் தளர்ந்தால் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகினால் சத்தமே வராது. இன்ஜின் முன்பைவிட அமைதியாக இருக்கிறது என்று உரிமையாளர் மகிழ்ந்துகொண்டிருப்பார். வால்வு தன் இருக்கையில் மெல்ல மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்க இறங்க இந்தச் சந்து அடைபட்டுக்கொண்டே வரும். கடைசியில், சூடான நிலையில் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். வேகமாகச் சுற்றும்போது அந்தக் கசிவுக்கு நேரம் போதாது. 1,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,400 சுற்று) ஐட்லிங்கில் ஏராளமான நேரம் இருக்கிறது, அழுத்தம் கசிந்து வண்டி நின்றுவிடும். காலையில் சமாளித்துவிட்டு, சூடானதும் சிக்னலில் அடிக்கடி ஆஃப் ஆகும் வண்டிகளில் எத்தனையோ முறை இதுவே காரணமாக இருந்திருக்கிறது. இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், மேக்னெட்டில் (இன்ஜினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) உள்ள 'டி' குறியை நேர் செய்து, இரண்டு ராக்கர்களும் தளர்ந்திருக்கும் கம்ப்ரஷன் நிலைதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். தகடு வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனால் தளர்வு. நுழையவே மறுத்தால் இறுக்கம். லேசாகப் பிடித்துப் பிடித்து வந்தால் சரி. அரை மணி நேர வேலை. டேப்பட் தவறாக இருக்கும்போது கார்புரேட்டரை எவ்வளவு டியூன் செய்தாலும் நிலைக்காது என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

அடுத்தது காற்றுக் கசிவு. இணையத்தில் பலர் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிச் சோதிக்கச் சொல்வார்கள். அது தீப்பிடிக்கும் திரவம், பக்கத்திலேயே சூடான சைலன்சர். என் பட்டறையில் அதை அனுமதிப்பதில்லை. ஊசி கழற்றிய சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் போதும். இன்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது, கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள மேனிஃபோல்டின் இரண்டு மூட்டுகளிலும், ரப்பர் என்றால் அதன் அடிப்பக்கத்திலும், அதிலிருந்து மெல்லிய வெற்றிடக் குழாய் ஏதாவது பிரிந்து சென்றால் அதன் இரு முனைகளிலும், சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வோர் இடத்திலும் ஐந்து விநாடி காத்திருங்கள். எங்கே விடும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே தண்ணீர் ஓட்டையை அடைத்திருக்கிறது என்று பொருள். சென்ற ஆண்டு ஒருவர் உங்களுடையதைப் போலவே ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு இடங்களில் பார்த்தாகிவிட்டது, ஒரு புதிய கார்புரேட்டரும் போட்டாகிவிட்டது. மேனிஃபோல்டின் மேல்பக்கம் கறுப்பாக, பளபளப்பாக, பழுதே இல்லாததுபோல் இருந்தது. கழற்றி, கட்டைவிரலால் அடிப்பக்கம் வெளியே வருமாறு வளைத்தபோதுதான், நகத்தின் நுனி நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டது. குளிர்ந்திருக்கும்போது மூடியும், சூடாகி கார்புரேட்டரின் எடை இழுக்கும்போது திறந்தும் அது விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய கார்புரேட்டரையே மாட்டி அனுப்பினேன். மேனிஃபோல்டு உலோகமாக இருந்தால் அதன் முகத்தில் உள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பத்தாண்டு வெப்பத்தில் அது தட்டையாகி, வளைத்தால் முறியும் பிளாஸ்டிக் வளையல்போல் ஆகியிருக்கும்.

பைலட் ஜெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'கார்புரேட்டர் கழுவியாச்சு' என்ற சொற்றொடருக்குள் பல பாவங்கள் ஒளிந்துகொள்கின்றன. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் ஊற்றி, பிரஷால் தேய்த்து, காற்றடித்து மூடுவதையும் கழுவுதல் என்றுதான் சொல்கிறார்கள். பைலட் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதற்குள் பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த பழுப்பு வார்னிஷ் வெறும் பெட்ரோலில் கரையாது. ஜெட்டைத் திருகிக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணருகே பிடியுங்கள். துளை வட்டமாக, ஓரம் கூர்மையாக, நட்சத்திரம்போல் தெரிய வேண்டும். பிறைபோலவோ மங்கலாகவோ தெரிந்தால் அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மின்சார வயரின் செம்புக் கம்பிகளில் ஒரே ஓர் இழையை எடுத்து நுழைத்துச் சுத்தம் செய்யலாம். குண்டூசி, ஊக்கு, எஃகுக் கம்பி எதுவும் கூடாது. ஜெட் மென்மையான பித்தளை, ஒரு முறை துளை பெரிதானால் பிறகு கலவை என்றென்றும் கெட்டி. ஜெட்டோடு வேலை முடிவதும் இல்லை. கார்புரேட்டரின் உடலுக்குள், மூடிய ஸ்லைடின் அடிவிளிம்பை ஒட்டி இரண்டு மூன்று ஊசிமுனைத் துளைகள் உண்டு. 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கைகொடுப்பவை அவைதான். ஏர் ஃபில்டர் பக்க வாயில் உள்ள சிறு காற்றுத் துளையில் கிளீனரைப் பீய்ச்சினால், ஒவ்வொரு துளையிலிருந்தும் நூல்போல் நேராகத் தெறித்து வர வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கண்ணில்தான் தெறிக்கும். ஐட்லிங் சரியாகி, 25-இல் திக்குவது மட்டும் மிச்சமிருந்தால் இந்தத் துளைகளைத்தான் யாரோ விட்டுவிட்டார்கள்.

இதே வேலையில் இன்னொரு பொறி இருக்கிறது. கலவையைச் சரிசெய்யும் சிறு திருகு சில கார்புரேட்டர்களில் ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும், சிலவற்றில் இன்ஜின் பக்கம் இருக்கும். ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றைக் கட்டுப்படுத்துவது. அதை வெளியே திருகினால் கலவை நீர்க்கும். இன்ஜின் பக்கம் இருப்பது பெட்ரோல் கலந்த கலவையைக் கட்டுப்படுத்துவது. அதை வெளியே திருகினால் கெட்டியாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். பழக்கத்தில் ஒரே திசையில் திருகிவிட்டு 'செட் ஆகலை' என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தொடக்கத்தில் நானும் அவர்களில் ஒருவன். திருகை எடுப்பதற்கு முன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கி முறுக்கினால் கூர்முனையும் அதன் இருக்கையும் கெடும். இன்ஜின் பக்கத் திருகு என்றால் ஸ்பிரிங், அதற்கடியில் சிறு வாஷர், அதற்கும் அடியில் கடுகளவு தடிமனில் ஓர் ஓ-ரிங் இருக்கும். கழுவும்போது அந்த ஓ-ரிங் தொலைந்திருந்தால் அதுவே ஒரு காற்றுக் கசிவு. பிறகு, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுத்து, ஐட்லிங் மிக அதிகமாகும் இடத்தில் நிறுத்தி, ஐட்லிங் திருகால் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். நம் ஊர் வண்டிகள் பலவற்றுக்கு அது 1,400 ஆர்பிஎம், நூறு கூடலாம் குறையலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவு உண்மை, முழு உண்மை அல்ல. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு பங்கு எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று எடையில் வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது 13.5 அளவுக்கு இறங்கிவிடும். 2023-இல் இந்த 20 சதவீதக் கலவையான இ20 விற்பனைக்கு வந்த பிறகு, 2013-இல் அளவெடுத்த ஜெட்டின் அதே துளை சற்று நீர்த்த கலவையைத்தான் தரும். ஆனால் இதே எரிபொருளில் இதே வயதுள்ள லட்சக்கணக்கான வண்டிகள் சிக்னலில் நிற்காமல் ஓடுகின்றன. ஆகவே எத்தனாலை, ஏற்கெனவே விளிம்பில் நின்ற வண்டியை லேசாகத் தள்ளிவிட்ட கையாக எடுத்துக்கொள்ளலாம். கலவைத் திருகில் கால் அல்லது அரைச் சுற்றில் அதை ஈடுகட்ட முடியும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் மட்டும் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உள்ளே வெள்ளைப் பூஞ்சைபோல் படியும்.

மின்சாரப் பக்கத்தை நான் பின்னுக்குத் தள்ளினாலும் கைவிடவில்லை. பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் சிடிஐ (தீப்பொறியை உண்டாக்கும் மின்னணுப் பெட்டி) உள்ள வண்டியில் பேட்டரி நலிந்தால் ஐட்லிங்கில் தீப்பொறி வலுவிழக்கும், ஏனெனில் அந்தச் சுற்றில் சார்ஜ் ஆவது மிகக் குறைவு. ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் எரியும்போது மட்டும் ஐட்லிங் தொய்கிறதா என்று பாருங்கள். ஓய்வில் 12.5 வோல்ட்டுக்கு மேலும், நடுத்தர ஆர்பிஎம்மில் 13.5 முதல் 14.5 வரையும் காட்டினால் இந்தப் பக்கம் கவலை வேண்டாம். எப்படியும், சோக் இழுத்தால் தீர்ந்துவிடும் கோளாறு மின்சாரத்தில் இருப்பது அரிது.

திக்குவதெல்லாம் இன்ஜின் திக்குவதும் அல்ல. 25-இல் வண்டி குலுங்கும்போது கிளட்சைப் பிடித்துக் காதைக் கொடுங்கள். இன்ஜின் சத்தம் சீராக இருந்தால், செயின் தளர்ந்தோ பின்சக்கரத்தின் கப்ளிங் ரப்பர் நைந்தோ இருக்கலாம். 62,000 கிலோமீட்டரில் அந்த ரப்பர் ஒரு முறைகூட மாறவில்லை என்றால் இப்போது மாற்றத்தான் வேண்டும். அதேபோல், சிக்னலில் நியூட்ரலில் நிற்காமல், முதல் கியரில் கிளட்ச் பிடித்திருக்கும்போது மட்டும் ஆஃப் ஆனால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிளைச் சரிசெய்து பாருங்கள். இந்த விவரத்தை நீங்கள் எழுதவில்லை.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டிய கார்புரேட்டர் எது என்றால், ஸ்லைடு தேய்ந்து துளைக்குள் கடகடவென ஆடுவது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, மூடிய ஸ்லைடை விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். புதிதில்கூட மிகச் சிறிய அசைவு இருக்கும், ஆனால் பக்கவாட்டில் பளபளப்பான தேய்மானத் தடமும், கையில் உணரும்படியான ஆட்டமும் இருந்தால் அங்கேயும் அளவில்லாக் காற்று நுழைகிறது, எந்தத் திருகும் அதைச் சரிசெய்யாது. இத்தனை கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இது நடந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் உங்கள் மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. அசைத்துப் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள். அப்போதும் மலிவான நகல் கார்புரேட்டர் வேண்டாம். அவற்றின் ஜெட் அளவுகள் உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தாமல் வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இதே குறையோடு 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய, கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள பிஎஸ்6 வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், டேப்பட், காற்றுக் கசிவு இரண்டும் உங்களுக்கும் பொருந்தும். ஜெட் இருக்கும் இடத்தில் த்ராட்டில் பாடியின் கரிப்படிவையும், எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வண்டி இரவு முழுக்க ஆறியிருக்கும் ஒரு காலையில் டேப்பட் இடைவெளியை அளந்து, இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டின் எண்களையும் எழுதுங்கள். டேப் கோட்டில் எந்தப் பங்கில் திக்கியது, சோப்புத் தண்ணீருக்கு எங்கேயாவது சத்தம் மாறியதா, கலவைத் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை சுற்றில் அமர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், இங்கிருந்தே இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.